சாட்டிலைட் ரேடியோவா, இணைய வானொலியா?

காரில் நெடுந்தூரம் போகிறவர் எதை நம்பலாம்? ஊருக்குள் இணைய வானொலி, டவர் இல்லாத நெடுஞ்சாலையில் சாட்டிலைட் ரேடியோ என்பேன். காரணம், ஒலி வந்து சேரும் விதம்.

இணையத்தில் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் பாட்டைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஆள் கூடக்கூட சர்வருக்கும் டவருக்கும் பாரம் ஏறும். செயற்கைக்கோளோ ஒரே சிக்னலைக் கண்டம் முழுக்க மழை மாதிரிப் பொழிகிறது. பத்துப் பேர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அதன் வேலை ஒன்றுதான். கேட்பவருக்கு டேட்டா செலவும் இல்லை. ஆனால் வானம் மறையக்கூடாது. சுரங்கப்பாதையில் ஒலி அறுந்துவிடும்.

இந்தக் குறையை அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சமாளித்தன. 2001இல் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்எம், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் இரண்டு செயற்கைக்கோள்களை நம்பியது. அவை தெற்கு வானில் தாழ்வாகத் தெரியும், கட்டடங்கள் எளிதில் மறைக்கும். அதனால் நகரங்களில், சிக்னலை வாங்கித் தரையிலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களை ஏராளமாக நட வேண்டியிருந்தது. 2002இல் வந்த சிரியஸ் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டது. அவை மாறி மாறித் தலைக்கு மேலே உயரத்தில் வந்ததால் குறைவான ரிப்பீட்டர்களே போதும். பொறியியலில் என் ஓட்டு சிரியஸுக்குத்தான். ஆனாலும் கடனும் நஷ்டமும் இருவரையும் விடவில்லை. 2008இல் சிரியஸ்எக்ஸ்எம் என்ற ஒரே நிறுவனமாக இணைந்தார்கள். அந்த நீள்வட்டப் பாதையும் பின்னாளில் கைவிடப்பட்டது.

ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் குறிவைத்த வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் இவர்களுக்கு முன்பே 1998இல் ஆஃப்ரிஸ்டார், 2000இல் ஏசியாஸ்டார் என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. இந்தியாவில் தமிழ்ச் சேனலும் தந்தது. நல்ல ஒலி, நல்ல தேர்வு. ஆனால் ஆன்டெனாவை வானம் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டிய வீட்டுக் கருவியாகவே அது நின்றுவிட்டது. அமெரிக்க நிறுவனங்கள் கார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுப் புது வண்டியிலேயே ரேடியோவைப் பொருத்தி விற்றன. வேர்ல்ட்ஸ்பேஸுக்கு அந்த வழி வாய்க்கவில்லை. 2008இல் திவாலானது, 2009 முடிவோடு இந்தியச் சேவையும் நின்றது. அதை நம்பிக் கருவி வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, இனி? விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்பதில் இணையத்தை சாட்டிலைட்டால் தொடவே முடியாது. சாட்டிலைட்டில் சேனல்களும் சில நூறுதான். ஏவிய பிறகு பழுதானால் மேலே போய்ச் சரிசெய்யவும் வழியில்லை. 2020 டிசம்பரில் ஏவிய சிரியஸ்எக்ஸ்எம்மின் எஸ்எக்ஸ்எம்-7 செயற்கைக்கோள் சில வாரங்களிலேயே பயனற்றுப் போனது. இப்போது அந்த நிறுவனம் 360எல் என்ற தன் கார் ரேடியோக்களில் சாட்டிலைட், இணையம் இரண்டையும் கலந்து தருகிறது: நேரடிச் சேனல் வானிலிருந்து, கேட்டு வாங்கும் நிகழ்ச்சி இணையத்திலிருந்து. எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

செல்போனுக்கே செயற்கைக்கோள் நேரடி இணைப்பு தரத் தொடங்கியிருப்பதுதான் அடுத்த போட்டி. அந்த இணைப்பையும் எல்லாரும் பங்கு போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால், லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும் ஆட்ட வர்ணனைக்கும் செய்திக்கும் ஒரே சிக்னலை எல்லாருக்கும் தரும் பழைய முறைதான் இன்னும் சிக்கனம்.