செஃபாரியாவில் ஆதியாகமம்: மனிதப் படைப்பை மூலமொழியில் பார்க்க ஒரு தளம்

மனிதன் எப்படிப் படைக்கப்பட்டான், பெண் அவனுக்குக் கீழா சமமா, ஆத்துமா மனிதனுக்கு மட்டும்தானா என்ற வாதங்களில் பாதி, கடைசியில் ஆதியாகமத்தின் நாலைந்து எபிரேயச் சொற்களில் வந்து நிற்கும். அந்தச் சொற்களைக் காசு செலவில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இடங்களில் செஃபாரியா முன்வரிசையில் வரும். 2011இல் ஜோஷுவா ஃபோயரும் பிரெட் லாக்ஸ்பைசரும் தொடங்கிய, யூத நூல்களுக்கான லாபநோக்கமற்ற இணைய நூலகம் இது. விளம்பரம் கிடையாது, படிக்கக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். முகப்பு ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும் மட்டுமே இருப்பதால், தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். முடிந்தால் இரண்டு: 1871இல் வந்த, பவர் திருப்புதல் எனப்படும் தமிழ் மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய பதிப்பு ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் ஒன்று.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்ததும், மேலே வலது மூலையில் எபிரேய ஆலெஃபும் ஆங்கில எழுத்தும் சேர்ந்த சின்னத்தைத் தட்டி மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்து வையுங்கள். எந்த ஆங்கிலப் பதிப்பு திறந்திருக்கிறது என்று பார்க்காமல் வாசிக்க ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. யூதப் பதிப்பகச் சங்கத்தின் 1985 பதிப்பும் அதன் 2023 பாலினக் கவனத் திருத்தமும் ஒன்றல்ல. முந்தையது கடவுளை ஆண்பாலில் சுட்டும், பிந்தையது அதைத் தவிர்க்கும். ஒரு வசனத்தைத் தட்டினால் பக்கப்பலகை திறக்கும். அதில் உரைகள், தார்கும் எனும் பழைய அரமேய மொழிபெயர்ப்பு, மிட்ராஷ் எனும் ரபிகளின் வேத விளக்கத் தொகுப்பு, தல்மூத் எனும் ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பு, மற்ற மொழிபெயர்ப்புகள் எல்லாம் அந்த ஒரே வசனத்துக்கு நேராக வந்து நிற்கும். இந்தத் தளத்தின் உயிரே அந்தப் பலகைதான்.

முதலில் 1:26ஐ எடுத்துக்கொள்வோம். எபிரேயத்தில் த்ஸேலெம் (உருவம்), தெமூத் (ஒப்புமை) என்று இரண்டு சொற்கள். பழைய தமிழ்ப் பதிப்பு 'நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்' என்கிறது. திருவிவிலியம் 'நம் உருவிலும், நம் சாயலிலும்' என்கிறது. சாயல் என்ற சொல் இடம் மாறிவிட்டதைக் கவனியுங்கள்: அங்கே த்ஸேலெம், இங்கே தெமூத். அதோடு விடவில்லை. 5:3இல் ஆதாம் சேத்தைப் பெறும்போது எபிரேயம் வரிசையைத் திருப்பி, தெமூத்தை முன்னும் த்ஸேலெமைப் பின்னும் வைக்கிறது. பழைய பதிப்போ 'தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே' என்று பழைய வரிசையிலேயே போகிறது. தமிழை மட்டும் வைத்துக்கொண்டு 'சாயல் வேறு, ரூபம் வேறு' என்று உபதேசம் கட்டினால் அது ஐந்தாம் அதிகாரத்தில் சரிந்துவிடும்.

'சாயலாகவும்', 'ரூபத்தின்படியேயும்' என்பவற்றில் வரும் 'உம்' இன்னும் சுவாரசியம். எபிரேயத்தில் அந்த இரு சொற்களுக்கு நடுவே 'மற்றும்' கிடையாது, செப்துவஜிந்து எனும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் அது சேர்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் கிறித்தவ ஆயர் ஐரேனேயு, சாயல் (த்ஸேலெம்) எல்லா மனிதரிடமும் நிலைத்திருக்கிறது, ஒப்புமை (தெமூத்) ஆவியால் வருகிறது என்று இரண்டையும் பிரித்தார். பின்னால் வந்த பாவக் கோட்பாடுகளில் இந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே வசனத்தின் பலகையில் தல்மூத்தைத் திறந்து, அதன் மெகில்லா என்ற பகுதியில் 9அ பக்கத்தைப் பாருங்கள். தோராவை, அதாவது வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களை, கிரேக்கத்தில் பெயர்த்த மூப்பர்கள் 'உண்டாக்குவோமாக' என்பதை 'உண்டாக்குவேன்' என்று ஒருமையாக மாற்றினார்கள் என்று அங்கே இருக்கிறது. பல கடவுளர் என்று யாரும் அர்த்தம் பண்ணிவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் செப்துவஜிந்தில் பன்மைதான் இருக்கிறது. அதைச் சரிபார்க்கக் கிரேக்க மூலம் வேண்டும், இந்தத் தளத்தின் பலம் அதுவல்ல. அந்தக் குறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2:7க்குப் போனால் நெஃபெஷ் ஹய்யா, அதாவது உயிருள்ள ஜீவன். பழைய பதிப்பில் 'மனுஷன் ஜீவாத்துமாவானான்'. இதே சொற்றொடர் 1:24இலும் 2:19இலும் விலங்குகளுக்கு வருகிறது. அங்கெல்லாம் தமிழில் 'ஜீவஜந்து'. மூலத்தில் மனிதனுக்கும் மாட்டுக்கும் ஒரே பெயர், தமிழில் ஒருவருக்கு ஆத்துமா, மற்றவர் ஜந்து. ஆத்துமா மனிதனுக்கு மட்டுமே ஊதப்பட்டது என்று இந்த வசனத்தை மட்டும் காட்டிப் பேசுகிறவர்கள் 1:24ஐயும் திறக்க வேண்டும். திருவிவிலியம் 'உயிர் உள்ளவன் ஆனான்' என்று அடக்கமாக நிறுத்திக்கொள்கிறது, அதுதான் நேர்மை. ஆனால் யூத மரபும் சும்மா இருக்கவில்லை. தார்கும் பகுதியில் ஓன்கெலோஸ் என்பவரின் மொழிபெயர்ப்பைத் தட்டினால், மனிதனுக்குள் அது 'பேசும் ஆவி' ஆயிற்று என்று இருக்கும். விலங்கிலிருந்து மனிதனைப் பிரிக்க அவர் பேச்சைக் கொண்டுவருகிறார்.

அதே வசனத்தில் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'உருவாக்கினார்' என்ற வினையில் இரண்டு யோத் எழுத்துகள் இருக்கும். 2:19இல் விலங்குகளை உருவாக்கும்போது ஒன்றுதான். எந்த மொழிபெயர்ப்பிலும் இது தெரியாது. தல்மூத் பெராகோத் 61அ, நல்ல நாட்டம் ஒன்று, கெட்ட நாட்டம் ஒன்று என்று மனிதனுக்குள் இரண்டு இருப்பதை இதிலிருந்து எடுக்கிறது. மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்ற எண்ணத்துக்குப் பதிலாக இரு நாட்டக் கருத்து அந்த மரபில் வேரூன்றியதற்கு இந்தச் சின்ன எழுத்தும் ஓர் ஆதாரம்.

விலா எலும்பு விஷயத்தில்தான் பலகை தன் முழு வேலையைக் காட்டுகிறது. 2:21இல் விலா எலும்பு என்று பெயர்க்கப்படும் த்ஸேலா என்ற சொல் யாத்திராகமம் 26:20இல் ஆசரிப்புக் கூடாரத்தின் பக்கத்துக்கும், 2 சாமுவேல் 16:13இல் மலைச்சரிவுக்கும் வருகிறது. ஆதியாகமத்துக்கான மிட்ராஷ் தொகுப்பான பெரேஷித் ரப்பா 8:1இல் ரபி சாமுவேல் பார் நஹ்மான், முதல் மனிதன் இரு முகத்தோடு படைக்கப்பட்டு, பிறகு அறுத்து இரண்டாக்கப்பட்டான் என்கிறார். 'விலா எலும்புகளில் ஒன்று என்றல்லவா எழுதியிருக்கிறது' என்று எதிர்த்தவர்களுக்கு, கூடார வசனத்தைக் காட்டி 'பக்கங்களில் ஒன்று' என்று பதில் சொல்கிறார். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியும் அந்த வழியே போகிறார். கிரேக்கத்தின் ப்ளெவ்ரா பக்கம், விலா இரண்டுக்கும் பொருந்தும். லத்தீனின் கோஸ்தாவோடு எலும்பு உறுதியாகிவிட்டது. பாதியாகப் பிரிந்த இருவர் என்பதற்கும், ஓர் எலும்பிலிருந்து வந்த ஒருத்தி என்பதற்கும் எவ்வளவு தூரம்!

2:18இல் பெண்ணைக் குறிக்கும் ஏஸெர் (உதவி) என்ற சொல் பற்றிச் சுருக்கமாக: 'உதவியாள்' என்று தாழ்த்துகிறவர்கள் சங்கீதம் 121:2ஐப் பார்க்கட்டும். கர்த்தரிடத்திலிருந்து வரும் 'ஒத்தாசை'யும் அதே வேர்தான்.

எபிரேய மெய்யெழுத்தோடு சேர்ந்து உயிரொலியைக் காட்டும் உயிர்க்குறிகளை மறைத்துப் பார்க்கும் வசதி அலங்காரத்துக்கு அல்ல. 2:20இல் 'ஆதாமுக்கோ' என்பதா 'மனிதனுக்கோ' என்பதா என்பதை லாமெத் எழுத்தின் கீழுள்ள ஒரு குறி முடிவு செய்கிறது. எபிரேயத்தில் ஆதாம் என்ற சொல்லுக்கே மனிதன் என்றும் பொருள் இருப்பதால், மெய்யெழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் குறிகளை மசோரெத்தியர் எனும் யூத எழுத்தறிஞர்கள் பல நூற்றாண்டுகள் கழித்துதான் போட்டார்கள். பழைய தமிழ்ப் பதிப்பு இன்னும் ஒரு வசனம் முந்தி 2:19லேயே 'ஆதாம்' என்று பெயராக்குகிறது, அங்கே எபிரேயத்தில் 'அந்த மனிதன்' என்றே இருக்கிறது. ஆனால் 2:23இல் அதற்கு ஒரு சபாஷ் போடலாம்: ஈஷ் (ஆண்), ஈஷா (பெண்) என்ற ஓசை உறவை 'மனுஷன், மனுஷி' என்று அழகாகப் பிடித்திருக்கிறது. விலை என்னவென்றால், 2:7இன் ஆதாமும் 2:23இன் ஈஷும் தமிழில் ஒரே மனுஷன் ஆகிவிடுகிறார்கள். எபிரேயத்தில் ஈஷ் என்ற சொல் பெண் வந்த பிறகுதான் முதன்முதலாக வருகிறது.

இனி குறைகள். கிறித்தவ மொழிபெயர்ப்பு மரபின் முக்கியமான பாதி கிரேக்கத்திலும் லத்தீனிலும் இருக்கிறது. அதற்கு கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் ஆய்வு மையம் இலவசமாகத் தரும் ஸ்டெப் பைபிள் தளத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செப்துவஜிந்து அங்கே உண்டு, ஒரு சொல்லைத் தட்டினால் இலக்கண வகையும், அதே சொல் வரும் மற்ற வசனங்களும் கிடைக்கும். செஃபாரியாவில் சொல்லைத் தேர்ந்தால் அகராதி வரும், வினைவடிவத்தைப் பிரித்துச் சொல்லாது. முன்னொட்டு ஒட்டிய சொல்லுக்குச் சிலசமயம் சம்பந்தமில்லாத வேரையும் அடுக்கும், எனவே முதல் பதிவோடு நிற்க வேண்டாம். சமூக மொழிபெயர்ப்பு என்று குறிப்பிட்டவை பலர் பங்களித்தவை, தரம் ஏறி இறங்கும். பயனர்கள் தொகுத்த தாள்களும் அப்படியே.

இன்னொரு பொறி வசன எண். ஆதியாகமம் முதல் ஐந்து அதிகாரங்களில் தொல்லை இல்லை. ஆனால் மனிதன் யார் என்று கேட்கும் எட்டாம் சங்கீதத்தில், எபிரேயம் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவதால், தமிழில் 8:5 அங்கே 8:6 ஆகிறது. பழைய பதிப்பின் 'தேவதூதரிலும் சற்று சிறியவனாக்கினீர்' என்பதைத் தேடி 8:5ஐத் திறந்தால் வேறு வரி வரும். 8:6இல் நிற்கும் எபிரேயச் சொல் ஏலோஹிம் (கடவுள்), தூதர் என்பது கிரேக்கத்தின் வழி. திருவிவிலியம் 'கடவுளாகிய உமக்கு' என்கிறது.

கைபேசிச் செயலியில் நூல்களை இறக்கி இணையமில்லாமலும் வாசிக்கலாம். ஆனால் சின்னத் திரையில் பலகை மூலத்தை மறைத்துக்கொண்டே இருக்கும். ஒப்பிட்டு வாசிக்கக் கணினிதான் சரி.