வேப்பெண்ணெயா, வெர்ட்டிசிலியமா, கடை மருந்தா? நெல்லை வீட்டுத் தோட்டத்துக்கு எது சரி?

செம்பருத்திக் கொழுந்து சுருண்டு, கணுவில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறி இறங்கும். பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக வரும் எறும்புதான் அதற்குக் காவலும். எறும்பை விட்டுவிட்டு எதைத் தெளித்தாலும் பாதி வேலைதான். அதனால் முதலில் எறும்பு ஏறாமல் தடுத்து, பூச்சி பிடித்த கொழுந்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள். மருந்து அப்புறம்.

வேப்பெண்ணெய் மலிவு, எல்லா ஊரிலும் கிடைக்கும். ஆனால் அதைத் தண்ணீரில் அப்படியே ஊற்றினால் மேலே மிதக்கும். அடியில் இருக்கும் வெறும் தண்ணீர்தான் செடிக்குப் போகும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சைக் கரைப்பதும் சோப்புதான். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும், மருந்தின் வீரியமும் போய்விடும். ஒரே தெளிப்பில் தீராது. வாரம் ஒருமுறை தொடர வேண்டும்.

வெர்ட்டிசிலியம் என்பது பூச்சியின் உடலில் வளர்ந்து அதைக் கொல்லும் பூஞ்சை. லிட்டருக்கு 5 கிராம் போதும். இதற்கு ஈரக்காற்று வேண்டும் என்பதால் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பலன் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கேயும் கேட்கும். ஆனி, ஆடியில் சாரல் விழும் மலையடிவார ஊர்களில் நன்றாக வேலை செய்யும். அதே ஆடியில் ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் வறண்ட காற்று வீசும்போது இதை வாங்குவது காசுக்குக் கேடு, அங்கே வேப்பெண்ணெய்தான்.

கடையில் தரும் இமிடாகுளோபிரிட் வேகமானது. சாற்றோடு செடி முழுக்கப் பரவி அசுவினி, வெள்ளை ஈயைக் கொல்லும். அந்தப் பரவும் குணத்தால்தான் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் அதை நான் தொடவே மாட்டேன். தேனீக்கும் ஆகாது. இலையடியில் சாறு உறிஞ்சும் நுண்பேனான செஞ்சிலந்தியை அது கொல்லாது. சிலந்தியைத் தின்னும் பூச்சிகள் செத்து, சிலந்தி இன்னும் பெருகவும் செய்யும். சிலந்திக்கு இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே நல்ல தொடக்கம்.

நோய்க்கு வேறு கணக்கு. வெண்டை இலையில் சாம்பல் போல வெள்ளையாகப் படிந்தால் (சாம்பல் நோய்) நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். கொளுத்தும் கோடையில் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. அதே வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் மேலே சொன்ன எந்த மருந்தும் உதவாது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. செடியைப் பிடுங்கிப் போடுவது ஒன்றே வழி.

தென்னைக்கு அடியில் தோட்டம் உள்ளவர்களுக்கு ஒன்று. மேலே சுருள் வெள்ளை ஈ இருந்தால், அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சை படர்ந்து, கீழே உள்ள இலையெல்லாம் கரி பூசியதுபோல ஆகும். அதற்குப் பூச்சி மருந்து அடித்தால், ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சாகும். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கூழாகக் காய்ச்சிக் கரைத்துத் தெளியுங்கள். காய்ந்ததும் கரி ஏடு ஏடாக உரிந்து விழும்.