மனோரஞ்சிதம் என்று சொல்லி நெட்டிலிங்கக் கன்று விற்கிறார்கள்

டெம்போவில் தெருத்தெருவாகச் செடி கொண்டுவருகிறவர்களிடம் மனோரஞ்சிதம் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு வாசலிலேயே நான் ஏமாந்தேன்.

பிச்சி என்றால் இந்த வேலை நடக்காது. பூ விளைகிற ஊரான தோவாளைப் பக்கம் சின்னப் பிள்ளைகூட இலையைப் பார்த்தே பிச்சி எது, முல்லை எது என்று சொல்லிவிடும். மனோரஞ்சிதம் அப்படியில்லை. பூ பச்சையாக இலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் மணம் தெரு வரைக்கும் வரும். அம்மா பிறந்த வீட்டுக் கிணற்றடியில் ஒரு கொடி நின்றது. அந்த மணத்தை மனதில் வைத்துத்தான் வாங்கினேன்.

அந்த ஆள் காட்டிய கன்றின் கவர் மண்மேல் மஞ்சளாய்ப் பழுத்த பூ ஒன்று கிடந்தது. தடித்த ஆறு இதழ், அதே மணம். "இப்பதாம்மா உதிர்ந்துது. ஒட்டுச்செடி, ஆறு மாசத்துல நல்லா பூக்கும்" என்றார். 350 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

இரும்புப் பைப்பில் பந்தல் போட்டோம். அதற்குத் தனிச் செலவு. செடி படரவேயில்லை, ஒற்றைத் தண்டாக நேரே மேலே போனது. சரி, உயரம் வந்த பிறகு வளையும் என்று ஒன்றரை வருஷம் தண்ணீர் ஊற்றினேன். பந்தலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டு மாமா வந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். "மக்ளே, இது நெட்டிலிங்கம்லா!" வாசலில் அசோகா என்று வரிசையாக நடுவோமே, அதேதான்.

இரண்டும் சீத்தாப்பழக் குடும்பம். கன்றாக இருக்கும்போது பழகாத கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. நெட்டிலிங்க இலையின் ஓரம் நெளிநெளியாக இருக்கும், மனோரஞ்சிதத்துக்கு அவ்வளவு நெளிவு கிடையாது. அதைவிட முக்கியம், மனோரஞ்சிதத்தின் பூக்காம்பு கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கொடி பற்றி ஏறுவதே அதை வைத்துத்தான். பூ உதிர்ந்தாலும் கொக்கி தண்டிலேயே நிற்கும். எனக்கு விற்ற கன்றில் கொக்கியே இல்லை. அப்படியானால் அந்தப் பூ வேறெங்கோ பறித்துக் கொண்டுவந்து போட்டது.

போன் பண்ணினேன். முதல் தடவை "மாத்தித் தாறேன்" என்றார், அப்புறம் எடுக்கவேயில்லை.

மண்ணில் கிடக்கிற பூவை நம்பாதீர்கள். கொக்கியைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பூக்கிற கொடி வைத்திருக்கும் தெரிந்த வீட்டில் ஒரு பதியன் கேளுங்கள். நான் இப்போது பூதப்பாண்டியில் சித்தி வீட்டுக் கொடியில்தான் பதியன் போட்டு வைத்திருக்கிறேன்.