"லிம்ஸுக்கு நேரடியாக எக்ஸ்எம்எல்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

தண்ணீர், கழிவுநீர் டெஸ்டிங் லேப் நடத்துபவர்கள் கவனத்துக்கு. களத்தில் மாதிரி எடுக்கும்போதே போனில் பதிவு செய்து, எக்ஸ்எம்எல் ஃபைலாக (ஒவ்வொரு தகவலையும் அதன் பெயர் போட்ட டேகுக்குள் வைத்து எழுதும் ஃபைல்) நேரே லிம்ஸுக்குள், அதாவது லேபின் மாதிரி, ரிசல்ட் பதிவுகளை வைத்திருக்கும் சாஃப்ட்வேருக்குள், ஏற்றிவிடலாம் என்று ஓர் ஆப்பை விற்றுக்கொண்டு ஒரு கம்பெனி லேப் லேப்பாக ஏறி இறங்குகிறது. விஷயம் வக்கீலிடம் இருப்பதால் பெயரைப் போடவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

டெமோ அருமை. அவர்கள் கொண்டுவந்த ஃபைலை எங்கள் லிம்ஸில் போட்டதும் மாதிரி எண், இடம், நேரம், பிஎச், வெப்பநிலை எல்லாம் அதனதன் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால் ஆஃபர் விலை என்றார்கள், நிர்வாகமும் கட்டிவிட்டது. பிரச்சினை கிளம்பிய பிறகு அந்த டெமோ ஃபைலைத் திறந்து பார்த்தோம். எங்கள் லிம்ஸ் மேனுவலின் பின்பக்கத்தில் உதாரணமாகக் கொடுத்திருக்கும் அதே ஃபைல்! லேப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், மேனுவலில் உள்ள மாதிரி எண்ணைக்கூட மாற்றவில்லை.

உண்மையில் ஆப் கொடுத்த ஃபைலில் ஒரே ஒரு டேக்தான். அதற்குள் கமா போட்ட வரிகளை மொத்தமாகக் கொட்டியிருந்தது. கேட்டால் "இதுவும் எக்ஸ்எம்எல்தான் சார்" என்கிறார்கள். பொய்யில்லை, எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சர் அதை எர்ரர் சொல்லாமல் திறக்கும். ஆனால் எது பிஎச், எது டிடிஎஸ் (கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு) என்று லிம்ஸுக்கு எப்படித் தெரியும்? சரி, எந்த டேகில் எது வரும் என்று சொல்லும் ஸ்கீமாவையாவது கொடுங்கள் என்றோம். அது கம்பெனி ரகசியமாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ, தண்ணீர்த் தர டேட்டாவைப் பகிர்வதற்கான தன் டபிள்யூக்யூஎக்ஸ் ஸ்கீமாவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. இவர்களுக்கு மட்டும் ரகசியம்.

அப்புறம் "கஸ்டமைசேஷன்" என்று தனி இன்வாய்ஸ். அதையும் கட்டிய பிறகு வந்த வெர்ஷன்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது ஒழுங்காக வேலை செய்வதுபோல் இருந்தது.

குளோரின் கலந்த குடிநீரில், குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் ஃப்ரீ ரெசிடுவல் குளோரின் (மீதமிருக்கும் குளோரின்) இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500:2012. எங்கள் சாம்பிளர் கலர் கிட்டில் நிறம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் "<0.2" என்று பதிவு செய்வார். எக்ஸ்எம்எல்லில் 'விடக் குறைவு' என்னும் அந்தச் சின்னம் டேகின் தொடக்கம். அப்படியே விட்டால் ஃபைல் உடையும், அதனால் அதற்குரிய மாற்றுக் குறியீட்டைப் போட வேண்டும். எக்ஸ்எம்எல் படிக்கிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சின்னத்தையே வெட்டிவிட்டார்கள். லிம்ஸில் விழுந்தது வெறும் 0.2. ஃபெயில் ஆக வேண்டிய தண்ணீர் பாஸ். எர்ரர் மெசேஜ் எதுவும் வரவில்லை. கையெழுத்துப் போடும் எங்கள் கெமிஸ்ட் அம்மா ஃபீல்டு ஷீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பேனாவை எடுக்க மாட்டார். அதனால் அந்த ரிப்போர்ட் வெளியே போகவில்லை.

கழிவுநீர் மாதிரிகளில் வேறு கூத்து. வருடம், ஆங்கில 'இ' (E) எழுத்து, வரிசை எண் என்பது எங்கள் குறியீட்டு முறை. 25, இ, 04 என்று அனுப்பிய மாதிரி லிம்ஸில் 250000 என்று வந்து நின்றது. இதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, பின்னால் எக்ஸெல் ஓடுகிறது. நடுவில் 'இ' இருந்தால் அது பத்தின் அடுக்கு என்று எக்ஸெல்லாக முடிவு செய்துகொள்ளும். ஆப், சர்வர், கிளவுட் என்று அளந்ததெல்லாம் கடைசியில் எக்ஸெல்லுக்குள் தானாக ஓடும் ஒரு மேக்ரோ.

நேரமும் தப்பு. காலை 5 மணிக்கு எடுத்த மாதிரி முந்தைய நாள் இரவு 11:30 என்று ஏறியது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதிவிட்டு, அது யுடிசி என்கிற அடையாளத்தைப் போடவில்லை. எடுத்த 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய பாக்டீரியா சோதனைக்கு இந்த ஐந்தரை மணி நேரம் சின்ன விஷயமா?

ஒவ்வொரு முறை போன் செய்தாலும் புது ஆள் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் "லிம்ஸ் வெண்டரைக் கேளுங்கள்" என்பார். லிம்ஸ் வெண்டரோ ஃபைலே தப்பு என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்க மாட்டோம் என்றதும் லாகினை முடக்கினார்கள். நாங்கள் எடுத்த மாதிரிகளின் ஜிபிஎஸ், போட்டோ எல்லாம் இன்னும் அவர்கள் சர்வரில்தான் கிடக்கின்றன.

டெஸ்டிங் லேப்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017-ன் 7.11 பிரிவு தெரியும்தானே? லிம்ஸையும் அதோடு மற்றவை இணையும் இன்டர்ஃபேஸ்களையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் லேப்தான் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து வேலிடேட் செய்ய வேண்டும். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் அசெஸர் கேள்வியை உங்களிடம்தான் கேட்பார், ஆப் விற்றவரிடம் இல்லை.

இவர்கள் உங்களிடமும் வந்தால், அவர்கள் கொண்டுவரும் ஃபைலைத் தொடாதீர்கள். உங்கள் ஃபீல்டு ஷீட்டிலேயே மோசமான ஒன்றை எடுங்கள். "<" போட்ட ரிசல்ட், சைபரில் தொடங்கும் மாதிரி எண், விடியற்கால நேரம், மைக்ரோகிராம் குறி, காலியாக விட்ட ஒரு கட்டம் எல்லாம் அதில் இருக்கட்டும். உங்கள் கண் முன்னால் அவர்கள் போனிலேயே அதைப் பதிவு செய்யச் சொல்லி, வரும் ஃபைலையும் ஸ்கீமாவையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் டேட்டா முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்கட்டும். ஆபீஸ் போய் மெயில் அனுப்புகிறோம் என்று இழுத்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.