தும்மலுக்குக் காரணம் மகரந்தமா, பூஞ்சையா?

மகரந்தம் வெயிலும் காற்றும் உள்ள நாளில் ஏறும். நல்ல மழை பெய்தால் அடங்கிவிடும். கோவைப் பக்கம் காலி மனையெல்லாம் பார்த்தீனியம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதன் வெள்ளைப் பூவை உலுக்கினால் சிலருக்கு மூக்கு ஒழுகும். செடியைத் தொட்டால் தோலும் அரிக்கும்.

பூஞ்சை வேறு ரகம். ஐப்பசி மழையில்தான் அதற்குக் கொண்டாட்டம்: பீரோவுக்குப் பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள், துணியில் ஊசல் வாடை. அதன் வித்துகள் பெரும்பாலும் மகரந்தத்தைவிடச் சிறியவை, நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும். ஆஸ்துமாக்காரர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படணும் என்பேன்.

மகரந்தத்துக்குச் சன்னலைச் சாத்தணும்; பூஞ்சைக்கு அதையே திறக்கணும். வீட்டு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அப்புறம், செல்போன் காட்டும் காற்றுத் தர எண் தூசு, புகைக்கானது. இவை இரண்டும் அந்தக் கணக்கில் வராது.