கிதாருக்குச் சாயம் ஏற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அலைரேகை ஓடும் மேப்பிள் மர முகப்பு ஒட்டிய என் எலெக்ட்ரிக் கிதாரின் உடலைச் சென்ற ஆண்டு சென்னையில் ஒரு பட்டறையில் சாயம் ஏற்றக் கொடுத்து ஏமாந்தேன். முகப்பு நீலமாக இருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு மரத்தின் வெளிர்நிறம் வேட்டிக்குக் கரைபோல் அப்படியே நிற்க வேண்டும். பேசிய கூலி 14,000 ரூபாய், முன்பணம் 8,000. அதே மரத்தின் துண்டு ஒன்றில் முதலில் செய்து காட்டுமாறு கேட்டதற்கு, "இருபது வருஷமா இதே வேலைதான் சார்" என்றார் பட்டறைக்காரர். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இவ்வகை மரத்தில் நார்கள் நேராக ஓடாமல் ஏறி இறங்குகின்றன. நாரின் முனை மேற்பரப்பை முட்டும் இடம் சாயத்தை அதிகமாகவும், நார் படுத்துக் கிடக்கும் இடம் குறைவாகவும் குடிப்பதால்தான் ரேகை எழுந்து தெரிகிறது. அதே நார்கள் வழியாகவே சாயம் எல்லை தாண்டி ஊர்ந்தும் போகிறது. மாஸ்கிங் டேப் மேற்பரப்பை மூடுமே தவிர, உள்ளே ஓடுவதைத் தடுக்காது. எல்லைக்கோட்டைக் கூரிய கத்தியால் மெலிதாகக் கீறி நாரை அறுத்து, காக்க வேண்டிய ஓரத்தில் அந்தச் சாயத்துக்குக் கரையாத சீலரை (மரத்தை அடைக்கும் பூச்சை) பூசி, அது நன்றாக உலர்ந்த பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும் என்பதை நான் காலம் கடந்து கற்றுக்கொண்டேன்.

அவரும் ஓரத்தில் அரக்கு பூசியிருந்தார். ஆனால் ஏற்றியது ஸ்பிரிட்டில் கரைத்த சாயம்; அரக்கும் ஸ்பிரிட்டில் கரையக்கூடியது. காவலாக வைத்ததையே கரைத்துக்கொண்டு சாயம் உள்ளே புகுந்துவிட்டது. தண்ணீர்ச் சாயமாக இருந்திருந்தால் அந்த அரக்கு பெரும்பாலும் தாங்கியிருக்கும். எல்லைக்கோட்டை நார்கள் குறுக்கே கடக்கும் மேல், கீழ்க் கோடிகளில் நீலம் சீப்புப் பற்களைப்போல் 3 மில்லிமீட்டர் வரை நீண்டிருந்தது.

அதை மறைக்க அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அடுத்த கேடு. என் கிதாரின் மேப்பிள் முகப்பு 0.6 மில்லிமீட்டர் தகடுதான் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன். இரண்டு இடங்களில் அது தேய்ந்துபோய், அடியில் இருந்த சிவந்த நிறப் பலகை எட்டிப் பார்த்தது. பிறகு ஓரம் முழுவதும் கறுப்பு அடித்து, அதற்கு 'சன்பர்ஸ்ட்' (நடு வெளிறி ஓரம் கருக்கும் பாணி) என்று பெயர் வைத்து, மிச்சக் கூலியோடு கூடுதலாக 2,000 கேட்டார். கேட்காத அலங்காரத்துக்குக் கூலி கேட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை. கூடுதல் தொகையைத் தர மறுத்துவிட்டேன். கிதாரை மீட்பதற்காக மிச்சம் 6,000 ரூபாயைக் கட்டினேன். குறை மரத்தில்தான் என்று இன்றுவரை சொல்கிறார்.

அவர் புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் படங்களில் என் கிதாரும் இருக்கிறது. நடுவில் உள்ள நீலம் மட்டும் தெரியுமாறு, நான்கு ஓரங்களும் வெட்டப்பட்ட படம். யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், ஓரம் தெரியும் படத்தையும், அதே சாயத்தில் செய்த மாதிரித் துண்டையும் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.