கொழுப்பு வீதம் காட்டுகிற தராசு: வாங்கலாமா?

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் இந்தத் தராசை வாங்கினேன். விலை ஏழாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். கண்ணாடித் தட்டு, நாலு மூலையிலும் வெள்ளி நிறத் தகடு, அடியில் சின்னப் பற்றறிகள், கைத்தொலைபேசியில் போட ஒரு செயலி. வெறுங்காலோடு ஏறி நின்றால் முதலில் நிறை வரும். பிறகு கொழுப்பு வீதம், தசை, நீர், எலும்பு, ‘உடல் வயது’ என்று செயலியில் ஒரு நீளப் பட்டியல் வரும். பெயரை எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கிற தராசுகள் எல்லாம் அநேகமாக ஒரே விதத்தில்தான் வேலை செய்கின்றன. நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எனக்கு வயது 38, நிறை 62 கிலோ. கிழமையில் மூன்று நாள் ஜிம்மில் பெண்களுக்கான நேரத்தில் பாரம் தூக்குகிறேன். இரண்டு நாள் விடியப்புறம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் ஓடுகிறேன். ஜிம்முக்கு வருகிற பெண்கள் இந்தத் தராசைப் பற்றி அடிக்கடி கேட்கிறபடியால், ஒருமுறை விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் விளங்கவேண்டியது, இந்தத் தராசு கொழுப்பை அளப்பதில்லை. ஒரு காலால் மிக மெல்லிய மின்னோட்டத்தை அனுப்பி மற்றக் காலால் எடுக்கிறது. தசையில் நீர் அதிகம், அதனால் மின்னோட்டம் இலகுவாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, அங்கே தடை கூடும். அந்தத் தடையோடு தராசு அளந்த நிறை, நீங்கள் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பது எல்லாவற்றையும் ஒரு சமன்பாட்டில் போட்டு வீதத்தைக் கணிக்கிறது. மின்னோட்டம் காலுக்குக் கால் போவதால் வயிற்றையும் தோளையும் கையையும் அது சரியாகப் பார்ப்பதே இல்லை. எங்கட ஆட்களுக்கு இது பெரிய குறை. தெற்காசியர் பார்வைக்கு மெலிவாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். நீரிழிவு வருகிற ஆபத்தை அது கூட்டுகிறது. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் (BMI, கிலோ நிறையை மீற்றர் உயரத்தால் இருமுறை பிரித்தால் வருவது) 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னதும் இதனால்தான். ஆகவே தராசு வாங்கினாலும், தையல் பெட்டியில் இருக்கிற அளவு நாடாவை எடுத்து இடுப்பை அளக்காமல் விடவேண்டாம்.

கணிப்பு எவ்வளவு தளம்பும் என்று பார்க்க ஒருநாள் ஏறி இறங்கி, அரை லீற்றர் தண்ணி குடித்துவிட்டு உடனே திரும்ப ஏறினேன். நிறை அரைக் கிலோ கூடியது. அதில் பெரும்பங்கைத் தராசு கொழுப்புக் கணக்கில் சேர்த்தது. நான் குடித்தது வெறும் பச்சைத் தண்ணி! செயலியில் ‘விளையாட்டு வீரர்’ என்று மாற்றிவிட்டு ஏறினால், அதே உடம்பின் கொழுப்பு வீதம் அதே நிமிடத்தில் பல புள்ளி குறைந்து நிற்கும். சமன்பாட்டை மாற்றினால் விடை மாறும், அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் ஓடி வியர்த்தபின் ஒரு எண், இரவு ஒடியல் கூழ் குடித்துவிட்டு விடிய ஏறினால் இன்னொரு எண். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பல பெண்களுக்கு உடம்பில் நீர் கட்டும், ஒன்றரைக் கிலோ கூடினாலும் அது கொழுப்பில்லை. நான் பார்க்கிற முறை இது: காலையில் கழிப்பறை போய் வந்து, தேத்தண்ணிக்கு முன்னம், கால் உலர்ந்திருக்க, சமமான தரையில். ஒப்பிடுவதானால் இந்த மாதம் மாதவிடாய் முடிந்த கிழமையைப் போன மாதம் அதே கிழமையோடு ஒப்பிடுவேன். நேற்றையோடு இன்றையை ஒப்பிடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த நிதானத்தோடு பாவித்தால் தராசு நல்ல வேலை செய்கிறது. வாங்கியதிலிருந்து என் நிறை அரைக் கிலோகூடச் சரியாகக் குறையவில்லை. ஆனால் இடுப்பு ஐந்து சென்ரிமீற்றர் குறைந்திருக்கிறது, கொழுப்பற்ற நிறை (மொத்த நிறையில் கொழுப்பைக் கழித்தால் வருவது) மெல்ல ஏறியிருக்கிறது, தூக்குகிற பாரமும் கூடியிருக்கிறது. “என்ன மச்சாள், இவ்வளவு ஓடியும் நிறை குறையேல்லையே?” என்று வீட்டில் கேட்டார்கள். பழைய முள்ளுத் தராசு மட்டும் இருந்திருந்தால் எனக்கும் மனம் விட்டிருக்கும்.

எனக்குக் கோபம் வருவது செயலியின் புத்திமதியில். என் இலக்கு ‘கொழுப்பைக் குறைத்தல்’ என்று கொடுத்ததும், நாளைக்கு 1200 கலோரி சாப்பிடு என்றது. அதே செயலி என் கொழுப்பற்ற நிறை ஏறத்தாழ 43 கிலோ என்று காட்டுகிறது. ஒருநாள் ஓட்டத்தில் 300 கலோரி போனால் மிச்சம் 900. அதை 43ஆல் பிரித்தால் கிலோவுக்கு 21 கலோரி. விளையாட்டு மருத்துவத்தில், பயிற்சிக்குப் போனது போக, பெண்களுக்குக் கொழுப்பற்ற நிறையின் கிலோவுக்கு 45 கலோரி அளவில் மிஞ்சுவது நல்லது என்பார்கள். 30க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் ஆபத்து கூடும் என்பார்கள். ஆளுக்காள் மாறும், ஆனால் 21 எவருக்கும் நீண்ட நாளைக்குச் சரிவராது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சக்திக் குறைபாட்டைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மாதவிடாய் தவறும், எலும்பு நலியும், எலும்பில் வெடிப்பு வரும், காயம் ஆறப் பிந்தும், நித்திரை கெடும்.

எங்கட ஜிம்மில் ஒரு கம்பஸ் பிள்ளை இப்படித்தான் மெலிந்தாள். எல்லாரும் “நல்லா மெலிஞ்சிட்டாய்” என்று பாராட்டிக்கொண்டிருந்தோம், அவளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. வைத்தியரிடம் போனபிறகுதான் சோற்றைக் கூட்டினாள். உடற்பயிற்சி செய்கிற பெண்ணுக்கு மாதவிடாய் நிற்பது பயிற்சி நன்றாகப் போகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. கட்டாயம் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

அதனால் நான் தராசில் தேடுவது கொழுப்பற்ற நிறையைத்தான். அது துல்லியமில்லை என்று தெரியும், ஆனாலும் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட ஒரு பிடி தருகிறது. கொழுப்பும் அந்த எண்ணும் சேர்ந்து இறங்கினால், நான் இழப்பது தசையும் என்று எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் திருத்துவேன்.

புரதத்துக்கு எந்தத் தராசும் உதவாது, அடுப்படிதான் உதவும். பாரம் தூக்குகிற பெண்ணுக்கு உடல் நிறையின் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்பார்கள். நான் 1.6 என்று எடுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம். காலையில் பிட்டும் சம்பலும், மத்தியானம் குவித்த சோற்றோடு ஒரு சின்ன மீன் துண்டு, இரவு இடியப்பமும் சொதியும் என்று போனால் பாதிகூடத் தேறாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: எங்கட வீடுகளில் மீன் துண்டு முதலில் ஆண்களின் கோப்பைக்கும் பிள்ளைகளின் கோப்பைக்கும் போகிறது. கடைசியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்குக் குழம்பும் தலையும்தான். ஜிம்முக்குக் காசு கட்டுவதற்கு முன்னம் அதை மாற்ற வேண்டும்.

நான் காலைப் பிட்டோடு இரண்டு முட்டை சேர்த்தேன், 12 கிராம். மத்தியானம் சூடையோ பாரையோ கணவாயோ 100 கிராம் அளவில், அது 20 கிராமுக்குக் கிட்ட. பருப்பும் தயிரும் ஒவ்வொரு நாளும். பின்னேரம் ஒரு கோப்பை அவித்த கடலை. சோற்றை நிறுத்தவில்லை, பாரம் தூக்குவதற்குச் சோறு வேண்டும். இடறுவது வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மீனும் இல்லை, முட்டையும் இல்லை. அப்போது கைகொடுப்பது சோயாமீற்: உலர்ந்தது 50 கிராமில் 25 கிராம் அளவு புரதம். அதோடு உழுத்தங்களி, பயறு, தயிர், பால் என்று கூட்டிக்கொள்வேன்.

இரும்புச்சத்தும் தராசில் தெரியாது. மாதவிடாய் உள்ள வயதில் நாளைக்கு 18 மில்லிகிராம் வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்தால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி அதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். தொடர்ந்து களைப்பாக இருந்தால் இரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றவேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன். இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வலைப்பந்தாட ஆசைப்பட்ட பிள்ளைகள் இங்கே எத்தனையோ பேர். பதினாலு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது வயிறு நிறையச் சாப்பாடும் நித்திரையும். கொழுப்பு வீதத்தைச் சொல்லி அவளைப் பயப்படுத்துவது பாவம். எண்ணைக் கண்டால் சாப்பாட்டைக் குறைக்கிற பழக்கம் உள்ள பெரியவர்களுக்கும் இது வேண்டாம்.

மற்றப்படி, வருடக் கணக்கில் பயிற்சி செய்ய நினைத்திருக்கிற, மாதத்துக்கு ஒருமுறை பொறுமையாக ஒப்பிடக்கூடிய பெண்ணுக்கு ஏழாயிரம் பெறுமதிதான். செயலியின் சாப்பாட்டுப் பகுதியையும் ‘உடல் வயதை’யும் திறக்கவே வேண்டாம். கையில் காசு இறுக்கமென்றால் அளவு நாடா மட்டும் போதும், மிச்சக் காசுக்குக் குருநகரில் மீன் வாங்குங்கள்.